கடைசி விசில் ஊதாத ஆட்டம்

பெய்யட்டும். நல்லாப் பெய்யட்டும். இன்னும் கொஞ்சம் ஓங்கி ஊத்துனா உனக்கு என்ன கொறஞ்சு போயிரும் மாடசாமி, நாலு நாளா பேஞ்சவன் இன்னிக்குன்னு பாத்து சிணுங்கிட்டுக் கெடக்கிறியே, ஒரே ஊத்தா ஊத்தி இந்த கிரவுண்ட கொளமாக்கி விடு, ரெப்ரி வாத்தியாரு கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சு அலுத்துப்போயி, இன்னிக்கு அவ்வளவுதான்னு கையக் காட்டிட்டு ஓடட்டும். ஆட்டம் முழுசா முடியலேன்னா பந்தயம் இல்ல. அதான் எங்க நெடுங்கல் எஸ்டேட்டுல பேச்சு. கடைசி விசில் ஊதணும், ஊதினாத்தான் ஜெயிச்சவன் ஜெயிச்சவன், தோத்தவன் தோத்தவன். பாதியில நின்னா அவனவன் பொருள் அவனவனுக்கு. எவன் வச்ச சட்டமோ, அவன் மகராசனா இருக்கட்டும். எங்க மேல் டிவிசன் பயலுவ ஒரு கோல் பின்னால நிக்கிறானுக. பின்னால நிக்கிறதென்ன, படுத்தே கெடக்கிறானுக. மொதப் பாதியில அந்த கோல் விழுந்ததுக்கு நாந்தான் காரணம், வெளிய சொன்னா சிரிப்பானுக, ஆனா நாந்தான். கொடைய விரிச்சேன். நான் கொடைய விரிச்ச அந்த நேரத்துலதான் கீழ் டிவிசன்காரன் அடிச்சான், எங்க கோலி கையத் தூக்கிட்டு நிக்கிறான், பந்து அவன் காலுக்கு நடுவுல போகுது. அதுல இருந்து கொடைய மடக்கிக் கக்கத்துல வச்சுக்கிட்டு இந்தக் கொடிக்கம்பு பக்கத்துலயே நனைஞ்சுக்கிட்டு நிக்கிறேன். சட்டை ஒடம்போட ஒட்டிருச்சு. காய்ச்சல் வந்தா வரட்டும். மாடு போனா வருமா?

எதிர்ப்பக்கம் எம் மச்சான் குருவையா நிக்கிறாரு, எம் பொண்டாட்டி தவமணியோட கூடப்பொறந்த அண்ணன், கீழ் டிவிசன் கங்காணி. பெரிய கறுப்புக் கொடைக்குள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு, பந்து எங்க ஆளு காலுல பட்டாலே சிரிக்கிறாரு. அந்தச் சிரிப்புதான என்னைய இங்க கொண்டாந்து விட்டுது. ஹம்சா காக்கா டீக்கடையில நாலு பேரு இருக்கும்போது, "மாப்ள, உங்க டிவிசன்ல பதினோரு பேருக்கும் ரெண்டு ரெண்டு காலு இருக்கான்னு எண்ணிப் பாத்தீங்களா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். சிரிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருக்கலாம்ல, டீ கூட முடிஞ்சிருச்சு. போன வருசம் என் சேவல், அதுக்கு முந்தின வருசம் மாமனாரு போட்ட வாட்ச்சு, எல்லாம் அவரு வீட்டுக்குத்தான் போயிருக்கு, பொண்ணு குடுத்த வீட்டுக்கே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டு வர்ற ஒரே மாப்ள இந்த மலையில நான் ஒருத்தன்தான். "இந்த வாட்டி என் செவலைய வைக்கிறேன், உம்ம ரெண்டு ஆட்டையும் வையும்"னு சொன்னது நான்தானா, என் வாய்தானா. மச்சானே ஒரு மாதிரி ஆயிட்டாரு. "அது எந்தங்கச்சி மாடு மாப்ள"ன்னாரு மெதுவா. அத மெதுவாச் சொன்னதுதான் எனக்குத் தாங்கல. சத்தமாச் சொல்லியிருந்தா சண்ட போட்டுட்டுப் போயிருப்பேன். எம் வீட்டுல நிக்கிற மாடு எம் மாடு இல்லாம எவன் மாடுன்னு கேட்டு, நேத்து சாயங்காலம் தவமணி கொழுந்து எடை போடப் போயிருந்த நேரமாப் பாத்து, செவலை கழுத்துல இருந்து மணிய அவுத்துக் கொண்டுபோயி காக்கா கையில குடுத்தேன். இங்க அப்படித்தான். பொருள யாரும் தூக்கிட்டு வர மாட்டாங்க, அதுல இருந்து ஒண்ண எடுத்து நடுவுல ஒரு ஆளுகிட்ட குடுக்கணும், ஆட்டுக்குக் கயிறு, மாட்டுக்கு மணி. குடுத்துட்டா வாக்குக் குடுத்த மாதிரி. காக்கா அத வாங்கும்போது மணியோட நாக்கப் பிடிச்சுக்கிட்டாரு, சத்தம் வராம. அத ஏன் அப்படிப் பிடிச்சாருன்னு அப்பத் தோணல. இப்பத் தோணுது. திருட்டுப் பொருள அப்படித்தான் வாங்குவாங்க.

ஆனா தவமணிக்குத் தெரியாது. தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன். காலையில பால் கறக்கப் போனவ கொஞ்ச நேரங்கழிச்சு வந்து அடுப்புப் பக்கத்துல நின்னுக்கிட்டு, "மணி எங்க?"ன்னா. நான் டீயக் குடிச்சுக்கிட்டே, "கயிறு இத்துப் போயி எங்கயாவது விழுந்திருக்கும், தேடிப் பாக்குறேன்"னேன். "ம்"னா. அவ்வளவுதான். அந்த "ம்"மத்தான் காலையில இருந்து மென்னுக்கிட்டு இருக்கேன், முழுங்கவும் முடியல துப்பவும் முடியல. நம்பினதுக்கு ஒரு "ம்" இருக்கு, அது மூக்கால வரும். சோறு வேணுமான்னு கேக்கும்போது வர்ற "ம்" வேற. இது ரெண்டும் இல்ல. வாய மூடிக்கிட்டு தொண்டையில இருந்து வந்துச்சு. அப்புறம் என் தட்டுல ரெண்டு இட்லியக் கூடப் போட்டா, அதுதான் எனக்கு பயமாயிருச்சு. தெரிஞ்சிருந்தா கத்தியிருப்பா, அவ கத்துற ஆளு, போன வருசம் சேவலுக்கே லைன் வீடு அத்தனையும் வெளிய வந்து பாத்துச்சு. தெரிஞ்சிருந்தா ஏன் ரெண்டு இட்லி கூடப் போடணும். தெரியாட்டி ஏன் போடணும். ஆட்டம் பாக்க வர்றியான்னு கேட்டேன், சும்மா ஒப்புக்குத்தான், "ஊரே போகுது, வீட்டுல ஒருத்தராவது இருக்க வேணாமா"ன்னுட்டா. ஊரே இங்கதான் நிக்குது. எங்க லைன்ல கெழவன் கெழவி வரைக்கும் கோணிச் சாக்கத் தலையில போட்டுக்கிட்டு வந்து கத்திட்டு நிக்கிறாங்க. அவ மட்டும் செவலையோட அங்க. செவலைய அவ கையாலதான் வாங்கினா, வருசக் கணக்கா போனஸ்ல மிச்சம் பிடிச்சு, கன்னுக்குட்டியா லாரியில வந்து எறங்கினப்ப காலு நடுங்கிக்கிட்டு நின்னுச்சு, அவ இடுப்புல கட்டியிருந்த படங்க அவுத்து அது முதுகுல போட்டா. கொழுந்துச் செடி கீறாம இருக்க அவ கட்டுற படங்கு, அன்னிக்கு அவ இடுப்புக்கு ஒண்ணுமில்ல, பொடவையெல்லாம் கிழிஞ்சு வந்தா. நான் பேரு மட்டுந்தான் வச்சேன். செவப்பா இருந்துச்சு, செவலைன்னு வச்சேன். அதுக்கே இவ்வளவு உரிமை கொண்டாடிட்டேன்.

பெய்யுது. கேட்ட மாதிரியே பெய்யுது மாடசாமி, உனக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டேன். எதிர் கோல் போஸ்ட்டு தெரியல இப்ப. பந்து உருளவே மாட்டேங்குது, ஒதைச்சா தண்ணியில தொப்புனு விழுந்து அங்கேயே நிக்குது, பயலுவ அதச் சுத்தி நின்னு தண்ணியத்தான் ஒதைக்கிறானுக. நிறுத்துங்க வாத்தியாரே. எதுக்கு இந்த வீம்பு, புள்ளைகளுக்குக் காய்ச்சல் வராதா. வாத்தியாரு வாட்ச்சப் பாக்குறாரு, வானத்தப் பாக்குறாரு, விசில வாயில வைக்கிறாரு, ஊதுங்க, ஊதுங்கய்யா, புண்ணியமாப் போகும். அப்பப் பாத்து எங்க மரியசூசை, பேக்டரியில கொழுந்து வாட்டுற மாடியில வேல பாக்குற பய, கீழ் டிவிசன் கோலுக்கு முன்னால தண்ணிக்குள்ள பந்து நின்னுபோயி கோலி அதத் தேடிக்கிட்டு இருக்கும்போது, வழுக்கிக்கிட்டே வந்து காலால தள்ளிட்டான். பந்தும் அவனும் சேர்ந்து வலைக்குள்ள போறாங்க. கோல்! அடேய் கோலுடா! எனக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல, பக்கத்துல எவனோ என்னையத் தூக்குறான். ஒண்ணுக்கு ஒண்ணு. அப்ப ஆட்டம் நிக்கக் கூடாது. நிக்கக் கூடாது மாடசாமி, போதும், நான் சொன்னத மறந்துரு, நான் ஒரு கிறுக்கன், மழைய நிறுத்து. கொஞ்சம் கொறைச்சாலும் போதும். விசில வாயில இருந்து எடுங்க வாத்தியாரே, இதெல்லாம் ஒரு மழையா, நாங்க ஆடாத மழையா. சாமிகிட்ட ஒரே நாளு இப்படி மாத்தி மாத்திக் கேட்டா சாமி என்ன நெனைக்கும். அதுவும் ஒரு ஆளுதான, சலிப்பு வராதா. என்னடா இவன், கேட்டதக் குடுத்தா வேண்டாங்கிறான்னு தோணாதா. எதுக்கும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்.

அடுத்த கோல் எப்படி விழுந்துச்சுன்னு நான் பாக்கல. கன்னத்துல போட்டுக்கிட்டு கண்ண மூடியிருந்தேன், சத்தம் கேட்டுத் தொறக்குறேன், எங்க ஆளுங்க எல்லாம் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து சேத்துல பொரள்றானுக. ரெண்டு, ஒண்ணு. ரெண்டு எங்க பக்கம். எம் பக்கம். மச்சான் கொடைய மடக்கிட்டாரு. அதப் பாக்கணுமே, கறுப்புக் கொடைய மடக்கிட்டு மழையில நிக்கிறாரு, வயிறு கூட உள்ள போன மாதிரி இருக்கு, நானு இங்க நனையுறேன், அவரு அங்க நனையுறாரு. இன்னும் கொஞ்ச நேரந்தான். ரெண்டு ஆட்டையும் ஓட்டிக்கிட்டு நடு ரோட்டு வழியா வீட்டுக்குப் போவேன். தவமணி வாசல்ல நிப்பா. என்ன ஆடு இதுன்னு கேப்பா. நான் மடியில இருந்து மணிய எடுத்து செவலை கழுத்துல கட்டிட்டு, கெடச்சிருச்சு புள்ள, செடிக்குள்ள கெடந்துச்சுன்னு சொல்லுவேன். இல்ல, உள்ளதச் சொல்லிரலாம். ஜெயிச்சவன் உள்ளதச் சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க. தோத்தாத்தான் நான் வழக்கம்போல வீட்டுக்குள்ள போயி கம்பளியப் போத்திக்கிட்டு சுவத்தப் பாத்துப் படுத்துக்குவேன், ரெண்டு நாளைக்கு யாரு மொகத்துலயும் முழிக்க மாட்டேன். இன்னிக்குக் கம்பளி இல்ல. இன்னிக்கு ஆடு. ஒரு ஆட்ட மச்சானுக்கே திருப்பிக் குடுத்துரலாம், பெருந்தன்மையா. "வச்சுக்கங்க மச்சான், புள்ளைக பால் குடிக்கும்"னு சொல்லணும், மெதுவா, அவரு அன்னிக்குச் சொன்னாரே அந்த மாதிரி மெதுவா. அப்பத்தான் அந்தச் சத்தம் கேட்டுச்சு.

இடின்னுதான் மொதல்ல நெனச்சேன். எல்லாரும் வானத்தத்தான் பாத்தோம். ஆனா இடி மேல இருந்து வரும், இது காலுக்கடியில இருந்து வருது, லாரி லாரியா கருங்கல்லக் கொட்டுற மாதிரி, கொட்டிக்கிட்டே இருக்கு, நிக்கல. கொடிக்கம்பு என் கையில நடுங்குது, நான்தான் நடுங்குறேனோன்னு பாத்தா இல்ல, கம்புதான். ஆடுற பயலுவ அப்படியே நின்னுட்டானுக. பந்து மட்டும் தண்ணியில மெதந்துக்கிட்டு இருக்கு. சத்தம் நின்னுச்சு. நின்ன பொறவு ஒரு வாடை வந்துச்சு பாருங்க, பச்ச மண்ணு வாடை, குழி தோண்டும்போது வருமே அது, காத்தோட வந்து மூஞ்சியில அடிக்குது, அதுக்குள்ள முறிஞ்ச செடி வாடை. எவனோ "மேலயா கீழயா?"ன்னு கேக்குறான். அப்புறம் பேக்டரிச் சங்கு ஊத ஆரம்பிச்சிருச்சு. ஞாயித்துக்கெழம சங்கு ஏது. ஊதி நிறுத்தல, விட்டு விட்டு ஊதுறான். மேட்டுல இருந்து எங்க டிவிசன் வாட்ச்மேன் ஓடி வர்றாரு, கையில செருப்ப வச்சுக்கிட்டு, "மேல் லைன்! மேல் லைன் கடைசி வீடுக!"ன்னு கத்துறாரு. கடைசி வீடுகன்னா. கடைசி வீடுகன்னா மூணு. ஒண்ணு மரியசூசை வீடு, அவன் இங்க நிக்கிறான், அவன் பொண்டாட்டி புள்ளைக அந்தா நிக்குறாங்க. இன்னொன்னு பூட்டிக் கெடக்கு. கடைசிக்குக் கடைசி எங்க வீடு. எல்லாரும் அவங்கவங்க ஆளுகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டுக் கையப் பிடிக்கிறாங்க, பிடிச்சிட்டு என்னையத் திரும்பிப் பாக்குறாங்க, ஒவ்வொருத்தரா, பாத்துட்டு மொகத்தத் திருப்புறாங்க. ஊரே இங்க இருக்கு. அவ மட்டும் அங்க.

ஓடுறேன். கொடை எங்க விழுந்துச்சோ. ரோடு பூரா தண்ணி, கொழுந்துச் செடிக்குள்ள இருந்து கலங்கலா எறங்குது, கலங்கல். அவ சொன்னாளே. முந்தாநேத்து சொன்னா, மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால மேட்டுல தண்ணி ஊறுது, எப்பவும் தெளிவா வரும், இப்ப கலங்கலா வருது, செவலை ராத்திரியெல்லாம் கயிற இழுக்குது, கொட்டாயில நிக்க மாட்டேங்குது, ஆபீசுல சொல்லுங்கன்னா. ஆட்டம் முடியட்டும், திங்கக்கெழம சொல்றேன்னேன். திங்கக்கெழம. நான் எதத்தான் பாத்தேன், மேட்டப் பாத்தேனா, மாட்டோட கழுத்தத்தான் பாத்தேன், மணிக்கயித்துல முடிச்சு எந்தப் பக்கம்னு பாத்தேன். அது தலையத் திருப்பி எங்கைய நக்குச்சு. பின்னால செருப்புச் சத்தம், மூச்சுச் சத்தம், திரும்பிப் பாத்தா மச்சான். அந்த ஒடம்ப வச்சுக்கிட்டு ஓடி வர்றாரு. அவரு வீடு கீழ, அந்தப் பக்கம் ஒண்ணும் ஆகல, இருந்தாலும் ஓடி வர்றாரு, ஏன் வரமாட்டாரு, கூடப்பொறந்தவல்ல. அவ மாட்ட அவகிட்ட கேக்காம பந்தயம் வச்சவன் ஒருத்தன், வைக்க வச்சவன் ஒருத்தன். கொஞ்ச தூரம் போனதும் அவரு இளைச்சுக்கிட்டே, "பந்தயம் இல்ல மாப்ள"ன்னாரு. "ஆட்டம் நின்னுருச்சுல்ல, பந்தயம் இல்ல. நான் சும்மாதான்... உங்களச் சீண்டத்தான் மாப்ள... மாட்ட அவுக்க மாட்டேன், அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்"னாரு. நான் ஓடிக்கிட்டே இருந்தேன். மழைதான கேட்டேன். ஆட்டத்தக் கெடுக்கிற அளவுக்குத்தான கேட்டேன் மாடசாமி. எவ்வளவுன்னு சொல்லலியோ. ஒரே ஊத்தா ஊத்துன்னு சொன்னேனே, அதுதானோ. அப்புறம் வேண்டாம்னேன், அது காதுல விழலியா, விழுந்து கோவம் வந்துருச்சா. செவலைய எடுத்துக்க. ரெண்டு ஆட்டையும் எடுத்துக்க, அது என்னுது இல்ல, ஆனாலும் எடுத்துக்க. நான் தோத்துட்டேன்னு வச்சுக்க. பத்து கோல் எம்மேல விழுந்துச்சுன்னு வச்சுக்க. அந்த வாசல்ல நின்னு அவ என்னையத் திட்டினாப் போதும், சேவலுக்குத் திட்டின மாதிரி, லைனே வெளிய வந்து பாக்குற மாதிரி. வளைவுல ஏறும்போது ஒரு நெனப்பு, ரெண்டு இட்லி கூடப் போட்டாளே. கடைசியாப் போட்டதா அது. சீ, என்ன நெனப்பு இது, வாய்ல அடிக்கணும்.

வளைவு திரும்பினா எங்க லைன் தெரியணும். பாதிதான் தெரியுது. முன்னால இருக்கிற வீடுகளுக்கு ஒண்ணுமே ஆகல, கொடியில எவ பொடவையோ அப்படியே தொங்குது, அதுக்கு அந்தப் பக்கம் செவத்த மண்ணு, மேட்டுல இருந்து ஓடை வரைக்கும் ஒரே மண்ணு, செடியெல்லாம் வேரு மேல தெரிய தலைகீழாக் கெடக்கு. எங்க வீடு எங்க இருந்துச்சுன்னு எனக்கே தெரியல. இத்தன வருசம் குடியிருந்தவனுக்குத் தெரியல. மரியசூசை வீட்டுத் தகரம் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கு, அதுல இருந்து எங்க வாசலுக்கு எத்தன எட்டு, எட்டு வச்சுப் பாக்குறேன், கால் முழங்கால் வரைக்கும் பொதையுது. "தவமணி!"ன்னு நான் கத்துறேன். "தவம்! ஏ தவம்!" அந்தப் பக்கம் இருந்து மச்சான் கத்துறாரு, சின்னப் புள்ளையக் கூப்பிடுற மாதிரி கூப்பிடுறாரு. கூப்பிட்டுட்டு நிறுத்திக் கேக்குறோம். மழை மட்டும். பின்னாலயே வந்த ஆளுங்க மம்பட்டியும் கையுமா நிக்கிறாங்க, எங்க வெட்டன்னு என்னையக் கேக்குறாங்க, நான் எங்கன்னு சொல்ல. சத்தம் போடாதீங்கன்னு நான் கையக் காட்டுறேன். எல்லாரும் அடங்கிட்டாங்க. மணிச் சத்தம் கேக்குதான்னு பாக்குறேன். செவலை உசுரோட இருந்தா தலைய ஆட்டும், ஆட்டினா மணி அடிக்கும், மண்ணுக்குள்ள இருந்தாக் கூட லேசாக் கேக்கும், அந்த மணி கேட்டா கொட்டாய் அங்க, கொட்டாய் அங்கன்னா அடுப்பு இந்தப் பக்கம், அடுப்புப் பக்கத்துலதான் அவ... அப்பத்தான் ஞாபகம் வருது. மணி இல்ல. மணியத்தான் அவுத்தாச்சே. எங்கையால, முடிச்சு எந்தப் பக்கம்னு பாத்து, நல்லா நிதானமா அவுத்தாச்சே. அங்கேயே உக்காந்துட்டேன். கையால மண்ணத் தோண்டுறேன், எங்க தோண்டுறேன்னு தெரியாமத் தோண்டுறேன். மச்சான் எதிர்ல வந்து முட்டி போட்டு அவரும் கையாலயே தோண்டுறாரு. எவனோ "மம்பட்டியால வெட்டலாம்"ங்கிறான், நான் "வேண்டாம், பட்டுரும், அவமேல பட்டுரும்"னு கத்துறேன். என் கொரலே எனக்குப் புதுசா இருக்கு.

"யோவ்! யோவ்!"னு கீழ ஓடைப் பக்கம் இருந்து ஒரு சத்தம். என்னைய யோவ்னு கூப்பிடுறதுக்கு இந்த எஸ்டேட்டுல ஒருத்திதான் இருக்கா, அதுவும் கோவத்துல மட்டுந்தான். நான் தலையத் தூக்கல. தூக்கினா இல்லாமப் போயிருமோன்னு பயம். "எங்கய்யா இருக்க! எல்லாரும் நிக்கிறீங்களே, எம் வீட்டுக்காரரு உள்ள இருக்காருய்யா, தோத்தா வந்து கம்பளியப் போத்திப் படுத்துக்குவாருய்யா, தோண்டுங்களேன்யா!" கூட்டம் வெலகுது. படங்கத் தலையில போட்டுக்கிட்டு, ஒத்தக் கால்ல செருப்பு, முழங்காலு வரைக்கும் சேறு, மூச்சு வாங்க ஏறி வர்றா. என்னையப் பாத்துட்டா. பாத்ததும் அப்படியே நின்னா. அப்புறம் வந்து எஞ்சட்டையப் பிடிச்சு ஒரு உலுக்கு உலுக்கினா, பல்லெல்லாம் ஆடுது எனக்கு. "நீ படுத்திருக்கேன்னு... சங்குச் சத்தம் கேட்டு, அங்க இருந்து பாத்தா நம்ம லைனு பாதி இல்ல... உள்ள படுத்திருக்கேன்னு நெனச்சேனேய்யா!" மச்சான் எந்திரிக்க முடியாம மண்ணுல கைய ஊணிக்கிட்டு, "எங்க இருந்து தாயி வர்ற?"ங்கிறாரு. "உன் வீட்டுல இருந்துதான் அண்ணே." "எம் வீட்டுலயா?" "செவலைய உன் கொட்டாயில கட்டிட்டு வர்றேன். காலையில மணியக் காணோம்னதுமே தெரிஞ்சிருச்சு எங்க போயிருக்கும்னு. நாளைக்கு நாலு பேரக் கூட்டிக்கிட்டு எம் வாசல்ல வந்து நின்னு அவுத்துட்டுப் போவீங்க, நான் வேடிக்க பாத்துட்டு நிக்கணுமா? அதான் எல்லாரும் ஆட்டத்துக்குப் போன பொறவு நானே ஓடை வழியா ஓட்டிட்டுப் போயிட்டேன். ஒருத்தரு கண்ணுலயும் படல." மச்சான் அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு. "ஆட்டம் முடியவே இல்லியே தங்கச்சி. உம் புருசன் தோத்துட்டாருன்னு உனக்கு யாரு சொன்னா?" "யாரு வந்து சொல்லணும்? இவரு கட்டினது எது ஜெயிச்சிருக்கு? எனக்குத் தெரியாதா?"

ரெண்டு, ஒண்ணு. ரெண்டு எங்க பக்கம். நாக்கு நுனியில நிக்குது. மரியசூசை நிக்கிறான், வாட்ச்மேன் நிக்கிறாரு, கேட்டா அத்தன பேரும் சாட்சி சொல்லுவாங்க, இந்த மலையில மொத மொதலா நான் ஜெயிக்கிற பக்கம் நின்ன நாளு இது. அவ ஒரு சொட்டு என்னைய நம்பியிருந்தா. இன்னிக்காவது ஜெயிச்சிட்டு வருவாருன்னு ஒரு நிமிசம் நெனச்சிருந்தா, செவலையக் கொட்டாயிலயே விட்டுட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்திருப்பா. இந்த மண்ணுக்கு அடியில. "ஆமா புள்ள. தோத்துட்டேன்"னேன். மச்சான் என்னையப் பாத்தாரு. கையில ஒட்டின மண்ணத் தட்டிக்கிட்டாரு. கூட்டத்துல இருந்து ஹம்சா காக்கா முன்னால வந்தாரு, இத்தன மேட்டையும் அவரும் ஏறியிருக்காரு. மடியில இருந்து மணிய எடுத்தாரு, இப்பவும் நாக்கப் பிடிச்சுக்கிட்டுத்தான். நான் பழக்கதோசத்துல கைய நீட்டுறேன். அவரு என் கையக் கண்டுக்கல. "கடைசி விசில் ஊதல. அவங்கவங்க பொருளு அவங்கவங்களுக்கு"ன்னு சொல்லிட்டு, தவமணி உள்ளங்கையில வச்சு விரல எடுத்தாரு. அவ அதையே பாத்துக்கிட்டு நின்னா. இன்னிக்குப் பூரா திட்டப்போறா, நாளைக்கும் திட்டுவா, படுக்க எடம் இல்ல, போத்திக்கக் கம்பளி இல்ல. திட்டு புள்ள, திட்டுன்னு நான் தலையக் குனிஞ்சு நிக்கிறேன். மணிச் சத்தந்தான் கேட்டுச்சு. அவ ஆட்டல, சும்மாதான் வச்சிருந்தா. கைதான் நடுங்குது. மணி நிக்காம அடிச்சிக்கிட்டே இருந்துச்சு.